மோதல் படத்தில் எது அளந்தது, எது வரைந்தது?

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறீர்கள், பாடசாலைக் கணினி அறையில் 12 கணினிகள் இருக்கின்றன, ஐஸ்பை மென்பொருளில் சேர்ன் ஆய்வுகூடத்தின் மோதல் தரவைத் திறந்தால் மஞ்சள் நூற்கண்டு அவிழ்ந்து கிடப்பதுபோல ஒரு சிக்கல்தான் தெரிகிறது, இதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது இதில் சின்னப் பங்குதான். திரையில் தெரிவதில் கருவி அளந்தது எது, மென்பொருள் வரைந்தது எது, நாமாக ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்ல வழி தெரியாததுதான் உங்களைத் தடுக்கிறது என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்: "சேர், இது உண்மையான படமா?" ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஐஸ்பை காட்டுவது சீஎம்எஸ் உணர்கருவியின் தரவு. ஜெனீவாவுக்கு அருகே, நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்தில், 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள வளையத்தில் புரோத்தன்கள் எதிரெதிராக ஓடி மோதுகின்றன. வளையத்தின் விட்டம் 8.6 கிலோமீற்றர். திருகோணமலை நகரில் புறப்பட்டால் உப்புவெளியைத் தாண்டி, நிலாவெளி வருவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். மோதல் நடக்கும் இடத்தைச் சுற்றிக் கட்டப்பட்ட சீஎம்எஸ் 21 மீற்றர் நீளமும் 15 மீற்றர் விட்டமும் 14,000 தொன் நிறையும் கொண்ட ஒரு பெரிய பீப்பா. உள்ளிருந்து வெளியே வந்தால் முதலில் சிலிக்கன் தடமானி. அடுத்து ஈயத் தங்ஸ்தேற்றுப் பளிங்குகள் 75,848 கொண்ட மின்காந்தக் கலோரிமானி (கலோரிமானி என்பது துணிக்கையின் சக்தியை அளக்கும் அடுக்கு, இது இலத்திரனுக்கும் போட்டோனுக்கும் உரியது). அதன்பின் பித்தளையும் ஒளிரும் பிளாஸ்டிக்கும் மாறிமாறி அடுக்கிய ஹட்ரன் கலோரிமானி (ஹட்ரன் என்பது புரோத்தனைப் போலக் குவார்க்குகளால் ஆன துணிக்கை). அதைச் சூழ 3.8 தெஸ்லா வரிச்சுருள் காந்தம். கடைசியாக, இரும்பு அடுக்குகளுக்கு இடையே மியூவோன் அறைகள் (மியூவோன் என்பது இலத்திரனைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துணிக்கை). இந்த ஒழுங்கு பிள்ளைகளுக்கு மனதில் பதிந்த பிறகுதான் கணினியைத் தொட விட வேண்டும். கரும்பலகையில் ஐந்து வட்டம் போட்டுக் காட்டினால் போதும்.

தடமானி கோடு எதையும் அளப்பதில்லை. மின்னேற்றமுள்ள துணிக்கை ஒவ்வொரு சிலிக்கன் அடுக்கையும் கடக்கும்போது ஒரு புள்ளி பதிகிறது, அவ்வளவுதான். கடற்கரையின் ஈர மணலில் பத்துப் பேர் குறுக்கும் மறுக்குமாக நடந்து போன பிறகு, இந்தக் காலடி இவருடையது, அந்தக் காலடி அவருடையது என்று பிரித்து வழியைக் கீறுவது போன்ற வேலையை ஒரு நிரல் முன்கூட்டியே செய்து முடித்திருக்கிறது. நாம் பார்ப்பது அந்த முடிவை. ஐஸ்பை கோட்டைக் கீறும் விதத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பில் ஒவ்வொரு தடத்துக்கும் தொடக்கப் புள்ளியும் அங்குள்ள திசையும், முடிவுப் புள்ளியும் அங்குள்ள திசையும் இருக்கின்றன. மென்பொருள் இவற்றை ஓர் அழகான வளைகோட்டால் இணைக்கிறது. காந்தப்புலத்தில் துணிக்கை உண்மையில் சென்ற சுருள் பாதைக்கு அது நெருங்கிய உருவம்தான், அதே பாதை அல்ல. ஆகவே திரையில் அடிமட்டம் வைத்து வளைவாரையை அளந்து உந்தம் காணும் பயிற்சியைக் கொடுக்காதீர்கள். கோட்டைச் சொடுக்கினால் அட்டவணையில் வரும் உந்தப் பெறுமானம்தான் சரியான அளவு.

கலோரிமானியில் பிள்ளைகள் தவறுவது வேறு விதம். பளிங்குகளின் மேல் எழும் நீண்ட பெட்டிகளைப் பார்த்து "துணிக்கை இவ்வளவு தூரம் துளைத்துப் போயிருக்கிறது" என்பார்கள். பளிங்கின் உண்மையான நீளம் 23 சென்றிமீற்றர் மட்டுமே. திரையில் பெட்டியின் நீளம் அங்கே படிந்த சக்தியின் அளவைக் குறிக்கிறது, சலாகை வரைபடத்தில் சலாகை உயர்வது போல. சக்தி அதிகமாக இருந்தால் பெட்டி அடுத்த அடுக்குக்குள்ளும் நீட்டிக்கொண்டு நிற்கும், அதற்குப் பொருள் இல்லை. பெட்டி எந்தப் பரப்பிலிருந்து தொடங்குகிறது என்பதை மட்டும் பாருங்கள். தாரைகளைக் காட்டும் கூம்புகளும் அப்படியே: நெருக்கமாக வந்த துணிக்கைக் கூட்டத்தை ஒன்றாகக் கட்டிய நிரல் போட்ட உறை அது. காணாமற்போன சக்தியைக் காட்டும் அம்புக்குறியோ துணிக்கையே அல்ல. புரோத்தன் கற்றைக்குச் செங்குத்தான தளத்தில் எல்லா உந்தங்களையும் காவியாகக் கூட்டி, மிச்சத்தைச் சமன் செய்ய எதிர்ப்புறம் போட்ட கணக்கு அது. கோடுகளின் நிறங்களும் மென்பொருளின் தெரிவுதான். வேறு மென்பொருளுக்கு மாறினால் நிறமும் மாறும், எனவே "சிவப்பு என்றால் மியூவோன்" என்று மனப்பாடம் செய்ய விடாமல், அது எந்த அடுக்குகளைக் கடந்தது என்று சொல்ல வையுங்கள்.

இனி அந்த நூற்கண்டு. அது ஏன் வருகிறது என்றால், புரோத்தன்கள் ஒவ்வொன்றாக ஓடுவதில்லை, கட்டுக்கட்டாக ஓடுகின்றன. 2012 தரவில் இரண்டு கட்டுகள் ஒருமுறை குறுக்கிடும்போது சராசரியாக 20 மோதல்கள் வரை சேர்ந்தே நடந்தன. உங்களுக்கு வேண்டியது அவற்றில் ஒன்று. மற்றவை பெரும்பாலும் குறைந்த உந்தமுள்ள தடங்களையே தருகின்றன. ஆகவே நிகழ்வைத் திறந்தவுடன் இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பிறகு உணர்கருவியின் வெளிக்கோட்டில் பீப்பாப் பகுதியை மட்டும் போடுங்கள். அடுத்து மியூவோன்கள், அதன்பின் இலத்திரன்கள், போட்டோன்கள், காணாமற்போன சக்தி. இவ்வளவையும் பார்த்து, ஒரு ஊகத்தை எழுதி வைத்த பிறகே எல்லாத் தடங்களையும் போட வேண்டும். அப்போதும் குறுக்குந்தத்துக்கு (கற்றைக்குச் செங்குத்தான உந்தப் பகுதிக்கு) ஒரு கீழெல்லை வைக்க வசதி இருந்தால் 1 அல்லது 2 ஜெவ் என்று வையுங்கள் (ஜிகா இலத்திரன்வோல்ட்டைச் சுருக்கி ஜெவ் என்கிறேன்). சிக்கலில் பெரும்பகுதி அந்தக் கணமே கரைந்துவிடும்.

பார்க்கும் திசை மிக முக்கியம். கோணேசர் மலையில் நின்று கடலைப் பார்க்கும்போது இரண்டு வள்ளங்கள் ஒன்றையொன்று உரசுவது போலத் தெரியும், உண்மையில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே அரை மைல் இருக்கும். முப்பரிமாணத் திரையிலும் அதே மயக்கம் உண்டு. ஒரு தடம் ஒரு பளிங்கில் போய் முடிவது போலத் தெரிந்தால், 90 பாகை திருப்பி மறுபடி பார்க்காமல் "இது இலத்திரன்" என்று எழுத விடக் கூடாது. கற்றை அச்சின் வழியே பார்க்கும் காட்சி ஒன்று, பக்கவாட்டுக் காட்சி ஒன்று, இரண்டும் கட்டாயம். தொலைவைச் சிறிதாக்கிக் காட்டும் இயற்கைக் காட்சியை விட்டு, சமாந்தர எறியத்துக்கு மாற்றினால் ஒப்பிடுவது இன்னும் இலகு. இடப் பொத்தானை அழுத்தி இழுத்தால் சுழலும், சுட்டியின் சில்லை உருட்டினால் கிட்டவும் தூரவும் போகும். சுழற்றிச் சுழற்றித் திசை தடுமாறிப் போன பிள்ளைக்கு, அச்சுக் காட்சிப் பொத்தானை அழுத்தினால் தொடக்கத்துக்குத் திரும்பலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏற்றத்தின் குறியைக் கண்டுபிடிப்பதில் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனெனில் அவர்கள் பாடத்தில் படித்த காந்தவிசை இங்கேதான் கண்முன் வருகிறது. சீஎம்எஸ்ஸின் காந்தப்புலம் கற்றை அச்சின் நேர்த் திசையில் இருக்கிறது. அந்த நேர் முனையில் நின்று உள்ளே பார்த்தால், வரிச்சுருளுக்குள் நேரேற்றத் துணிக்கை வலஞ்சுழியாக வளையும், மறையேற்றம் இடஞ்சுழியாக வளையும். மறு முனையிலிருந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். வகுப்பில் பாதிப் பேருக்கு மறுகுறி வந்தால் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். வளைவாரைக்குச் சூத்திரம் எளிது: ஜெவ் அலகில் குறுக்குந்தம் என்பது 0.3 ஐக் காந்தப்புலத்தாலும் மீற்றரில் ஆரையாலும் பெருக்கியதற்குச் சமன். 1 ஜெவ் துணிக்கைக்கு ஆரை 0.88 மீற்றர், நன்றாக வளையும். ஏறத்தாழ 0.7 ஜெவ்வுக்குக் குறைந்தது 1.29 மீற்றர் ஆரையில் உள்ள பளிங்குகளை எட்டாமலே சுருண்டுவிடும். ஆனால் 40 ஜெவ் மியூவோனுக்கு ஆரை 35 மீற்றர். தடமானியின் 1.1 மீற்றர் தூரத்தில் அது நேர்கோட்டிலிருந்து விலகுவது 4 மில்லிமீற்றர் அளவுதான். திரையில் நேராகவே தெரியும். கண்ணால் குறி சொல்ல முடியவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பிழை அல்ல, சரியான அவதானம். அந்த இடத்தில் அட்டவணையில் உள்ள ஏற்றத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: வரிச்சுருளுக்கு வெளியே, இரும்பில், புலம் எதிர்த்திசையில் திரும்புகிறது. அதனால் மியூவோன் தடம் வெளியே மறுபக்கம் வளைந்து நீட்டிய எஸ் வடிவில் போகும். அது மென்பொருளின் கோளாறு அல்ல.

எது உறுதி, எது ஐயம் என்பதற்கு வருகிறேன். மியூவோன் அடையாளம் மிகவும் உறுதியானது, ஏனெனில் கலோரிமானிகளையும் காந்தத்தையும் இரும்பையும் கடந்து வெளி அறைகளில் பதிவது ஏறத்தாழ அது ஒன்றுதான். ஆனால் அது இந்த மோதலில் பிறந்ததா என்பது தனிக் கேள்வி. வானிலிருந்து விழும் அண்டக்கதிர் மியூவோன் மேலிருந்து கீழாகக் கருவியை ஊடறுத்தால், முதுகுக்கு முதுகு பறக்கும் இரண்டு மியூவோன்கள் போலவே தெரியும். கோடு மோதற் புள்ளியைத் தொடாமல் விலகிச் செல்கிறதா என்று கிட்டப்போய்ப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இலத்திரன் அடையாளம் அதற்கு ஒரு படி கீழே: அது சிலிக்கனைக் கடக்கும்போதே போட்டோன்களை உமிழ்ந்து சக்தியைச் சிதற விடுவதால் தடத்தின் உந்தமும் பளிங்கின் சக்தியும் பொருந்தாமல் போகலாம். தடம் இல்லாமல் பளிங்கில் மட்டும் சக்தி என்றால் போட்டோன். ஆனால் சில போட்டோன்கள் தடமானிக்குள்ளேயே இலத்திரன், பொசித்திரன் சோடியாக மாறிவிடுவதால் தடம் தெரிந்தாலும் போட்டோனாக இருக்கலாம். காணாமற்போன சக்தி இருப்பதிலேயே நலிந்தது. கருவியில் எந்தத் தடயமும் விடாமல் தப்பும் நியூத்திரினோ அதைத் தரும், ஒரு தாரையைக் குறைத்து அளந்துவிட்டாலும் அதே அம்புக்குறி வரும். அம்பு ஒரு பெரிய தாரையின் திசையிலேயே கிடந்தால் ஐயப்படுங்கள்.

ஒரு நிகழ்வைக் காட்டி "இதோ இசட் போசன்" என்று சொல்லக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமானவன். சொல்லக்கூடியது "இசட் போசனாக இருக்கக்கூடிய நிகழ்வு" மட்டுமே. இசட் என்பது பிறந்த கணமே சிதையும் கனமான துணிக்கை, சிதைந்து எதிர்க்குறியுள்ள இரண்டு மியூவோன்களைத் தரலாம். ஆனால் அப்படிப்பட்ட சோடி வேறு வழிகளிலும் வரும். பல நிகழ்வுகளின் மாறாத் திணிவை (இரண்டு மியூவோன்களும் ஒரே துணிக்கையிலிருந்து வந்திருந்தால் அதற்கு இருந்திருக்க வேண்டிய திணிவை) கணித்து வரைபடம் போட்டு, 91 ஜெவ்வில் ஒரு மேடு எழும்பினால்தான் இசட் அங்கே இருக்கிறது. கணக்கு இது: இரண்டு குறுக்குந்தங்களின் பெருக்கத்தை இரண்டால் பெருக்குங்கள். ஈற்றாக்களின் வித்தியாசத்தின் அதிபரவளைவுக் கோசைனிலிருந்து ஃபைக்களின் வித்தியாசத்தின் கோசைனைக் கழியுங்கள். இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஈற்றா என்பது கற்றையிலிருந்து சரிந்த கோணத்தைச் சொல்லும் எண், கற்றைக்குச் செங்குத்தாக இருந்தால் 0, ஏறத்தாழ 40 பாகையில் 1. ஃபை என்பது கற்றையைச் சுற்றிய கோணம். செய்து பார்க்க ஒரு எடுத்துக்காட்டு: குறுக்குந்தங்கள் 45, 41 ஜெவ், ஈற்றா வித்தியாசம் 0.7, ஃபை வித்தியாசம் 3.0 ஆரையன் என்று வைத்துக்கொள்வோம். 2 × 45 × 41 = 3690. அடைப்புக்குள் 1.255 + 0.990 = 2.245. விடை 91.0 ஜெவ். கணிப்பானைப் பாகையில் விட்டுவிட்டு இதே கணக்கைச் செய்தால் 31 ஜெவ்வுக்குக் கிட்ட வரும். வகுப்பில் யாருக்காவது 30 சொச்சம் வந்தால், புதுத் துணிக்கை என்று நினைக்கும் முன் கணிப்பானைப் பாருங்கள். விரிதாளில் செய்தால் அது எப்போதும் ஆரையனில்தான் கணிக்கும், அதனால் அதுவே நல்லது. வரைபடத்துக்கு 60 முதல் 120 ஜெவ் வரை, 2 ஜெவ் அகலத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.

டபிள்யூ போசனுக்கு இந்தக் கணக்கு எடுபடாது. இசட்டைப் போன்ற, ஆனால் மின்னேற்றமுள்ள இந்தத் துணிக்கை ஒரு மியூவோன் அல்லது இலத்திரனாகவும் ஒரு நியூத்திரினோவாகவும் சிதையும்போது, அந்த நியூத்திரினோவின் கற்றைத் திசை உந்தம் நமக்குக் கிடைப்பதில்லை, ஏனெனில் அந்தத் திசையில் நிறையத் துணிக்கைகள் கற்றைக் குழாயோடு தப்பிப் போகின்றன. டபிள்யூவுக்கு எண்ணிக்கைதான் பாடம். புரோத்தனுக்குள் மேல் குவார்க்கு இரண்டும் கீழ்க் குவார்க்கு ஒன்றும் இருப்பதால் நேரேற்ற டபிள்யூ கூடுதலாகப் பிறக்கிறது, 7 டெவ் (7,000 ஜெவ்) மோதல்களில் விகிதம் ஏறத்தாழ 1.4. மாஸ்டர்கிளாஸ் என்ற பாடசாலை மாணவர் பயிற்சிக்கான கோப்பு ஒன்றில் 100 நிகழ்வுகள் இருக்கும். அதில் 42 நேர், 30 மறை என்று ஒரு மாணவி எண்ணினால் விகிதம் 1.4, ஆனால் எண்ணிக்கையின் வழு மட்டுமே 0.33. பக்கத்து மாணவருக்கு 1.1 வந்தாலும் அவர் தவறவில்லை. பன்னிரண்டு பேரின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் கூட்டினால் வழு ஏறத்தாழ 0.1 க்கு இறங்கும். அந்த இறக்கத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரு எச்சரிக்கை: இந்தக் கோப்புகள் பாடத்துக்காகத் தெரிந்தெடுத்துக் கலக்கப்பட்டவை. டபிள்யூவுக்கும் இசட்டுக்கும், அல்லது ஹிக்ஸுக்கும் உள்ள விகிதத்தை இவற்றிலிருந்து எண்ணி இயற்கையின் விகிதம் என்று சொல்லக் கூடாது.

கணினிகள் பற்றி: ஐஸ்பை உலாவிக்குள்ளேயே வெப்ஜீஎல் (உலாவியில் முப்பரிமாணப் படம் வரையும் நுட்பம்) கொண்டு ஓடுகிறது, எதையும் நிறுவத் தேவையில்லை. பழைய கணினியில் வெறும் கறுப்புத் திரை வந்தால் பெரும்பாலும் காரணம் உலாவி அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் அணைந்திருப்பது, அல்லது வரைகலைச் சாரதி நிரல் பழையதாக இருப்பது. முதலில் உலாவியைப் புதுப்பியுங்கள். படம் வந்து, சுழற்றும்போது தடுமாறினால் உணர்கருவியின் மியூவோன் அறைகளை அணைத்து, சாளரத்தைச் சிறிதாக்குங்கள், வேகம் கூடும். கைப்பேசியில் பார்க்கலாம், ஆனால் விரலால் ஒரு தனிக் கோட்டைத் தொட்டு எடுப்பது கடினம், எண்கள் வேண்டிய பாடத்துக்கு அது உதவாது.

தரவுக் கோப்பு ஐஜி என்ற பின்னொட்டோடு வரும். அது உண்மையில் ஒரு சிப் கோப்பு. பின்னொட்டை மாற்றித் திறந்தால் உள்ளே நிகழ்வுக்கு ஒன்றாக எழுத்துக் கோப்புகள் இருக்கும், தடங்களின் உந்தமும் ஏற்றமும் வெறும் எண்களாக அதில் கிடக்கும். ஆர்வமான பிள்ளைக்கு அதைத் திறந்து காட்டுங்கள், படம் எங்கிருந்து வருகிறது என்பது அங்கே விளங்கும். இணையம் மெதுவான நாளில் 12 பேரும் ஒரே நேரத்தில் கோப்பைத் தரவிறக்கப் போனால் பாடநேரம் அதிலேயே போய்விடும். முதல் நாளே கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்து ஒவ்வொரு கணினியிலும் வைத்துவிட்டு, மென்பொருளில் உள்ளூர்க் கோப்பைத் திறக்கும் வழியாகத் திறவுங்கள். மென்பொருளையே தரவிறக்கி வைத்தால், பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் ஓடாது. உலாவி பாதுகாப்புக்காக அருகிலுள்ள கோப்புகளைப் படிக்க விடாது. ஒரு கணினியில் பைத்தன் நிரல்மொழியோடு வரும் சிறிய வலைச் சேவையகத்தை ஓட விட்டு, மற்றப் பதினொன்றும் அறையின் உள்வலை வழியே அதை அணுகும்படி செய்யலாம். செய்த பிறகு இணைய வடத்தைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். சில பகுதிகளை அது வெளியிலிருந்து இழுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

அதே வளையத்தில் உள்ள இன்னொரு பெரிய உணர்கருவியான அட்லஸின் தரவுக்கு ஹைப்பேஷியா, மினெர்வா என்று தனி மென்பொருள்கள் உண்டு. மாறாத் திணிவை ஹைப்பேஷியாவே கணித்துத் தந்துவிடும், அதனாலேயே உங்கள் வகுப்புக்கு முதலில் அதை நான் சொல்ல மாட்டேன். கணக்கைக் கையால் ஒருமுறை செய்த பிறகு அங்கே போகலாம். ஃபீனிக்ஸ் என்பது பல பரிசோதனைகளுக்கும் பொதுவாக உருவான உலாவிக் காட்சி, உணர்கருவியை வெட்டி உள்ளே காட்டும் வசதி அதில் நன்றாக இருக்கிறது, அறிமுகத்துக்கு ஏற்றது. முதல் பாடத்துக்கு இரண்டு மியூவோன்கள் மட்டும் தெளிவாக உள்ள ஒரு நிகழ்வை நீங்களே முன்கூட்டித் தேடி, அதன் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். பன்னிரண்டு பேரும் அதே நிகழ்வைத் திறந்து அதே விடையை எடுத்த பிறகு ஆளுக்கொரு கோப்பைக் கொடுங்கள்.